நீளும் ஆடையும் நுண்ணுயிர்த் தடுப்பும்

உடலை ஒட்டி அணியும் ஆடைக்கு மூன்று கடமைகள் உண்டு. உறுப்புகளின் அசைவுக்கேற்ப நீண்டு, அசைவு நின்றதும் பழைய அளவுக்குத் திரும்புதல் முதற் கடமை. வியர்வையை உறிஞ்சி, அது காற்றில் ஆவியாக இடங்கொடுத்தல் இரண்டாவது. அவ்வியர்வையில் நுண்ணுயிர்கள் பெருகுவதால் துர்நாற்றமும் கறையும் துணிக்கேடும் நேராமற் காத்தல் மூன்றாவது. முதலிரண்டும் பெரும்பாலும் நூலின் தன்மையாலும் பின்னலின் அமைப்பாலும் வருவன. மூன்றாவது, துணி உருவான பின்னர் இரசாயனப் பொருள்களின் துணைகொண்டு சேர்க்கப்படுவது. ஆலைகளில் ‘ஃபினிஷிங்’ என்று வழங்கும் இறுதிப் பக்குவத்தின்போது இது நடைபெறுகிறது.

மூன்றாவது கடமைக்காகச் சேர்க்கப்படும் பொருள் முதலிரண்டையும் குலைத்துவிடக் கூடும் என்பதே இத்துறையின் முக்கியச் சிக்கலாகும். நுண்ணுயிரைக் கொல்லும் துணி விறைத்துப் போகலாம். நீரை ஏற்காமற் போகலாம். நீண்டபின் திரும்பாமற் போகலாம். ஆகையால் இப்பக்குவத்தை மதிப்பிடும்போது, கிருமி எவ்வளவு குறைந்தது என்ற ஒரு கேள்வி மட்டும் போதாது. துணி எதை இழந்தது என்ற கேள்வியையும் உடன் கேட்டல் வேண்டும்.

இதன் முக்கியத்துவத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். பெரிய தீக்காயம் ஆறியபின் தழும்பு தடித்துப் புடைக்காதிருக்கும்பொருட்டு, உடலை இறுகப் பற்றும் அழுத்த ஆடையை அணியுமாறு மருத்துவர்கள் பரிந்துரைப்பது வழக்கம். நைலான், எலாஸ்டேன் ஆகிய இழைகளாற் பின்னப்படும் அவ்வாடையை நாளொன்றுக்குச் சுமார் 23 மணி நேரம், பல மாதங்கள் அணிந்திருக்க வேண்டும். நமது நாட்டின் கோடையில் அதனுள் வியர்வை தேங்குவது தவிர்க்க முடியாதது. நாற்றமும் அரிப்பும் தாங்காது நோயாளி ஆடையைக் கழற்றிவிட்டால் சிகிச்சை தடைப்படும். நாற்றத்தைத் தடுப்பதற்காகச் செய்த பக்குவத்தால் இழையின் மீள்சக்தி குறைந்துவிட்டாலோ, ஆடை உடலில் இருந்தும் அழுத்தம் இராது. பனியன் தளர்ந்தால் அழகு கெடும். இவ்வாடை தளர்ந்தால் பயனே கெடும்.

நீளுந்தன்மை எங்கிருந்து வருகிறது?

தறியில் நெய்த துணியில் நூல்கள் நேராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டுள்ளது. இழுக்கும்போது வளையத்தின் வடிவம் மாறுவதால் துணி நீளுகிறது. ஆனால் பருத்தி நூலுக்குத் தானாகத் திரும்பும் ஆற்றல் குறைவு. பழைய பருத்திப் பனியனின் கழுத்தும் கைப்பட்டையும் தொளதொளத்துப் போவதற்குக் காரணம் இதுவே. வளையம் நீட்சியைத் தருகிறது. மீட்சியைத் தருவதற்கு வேறொன்று வேண்டும்.

அவ்வேறொன்றே எலாஸ்டேன் எனப்படும் இழை. ஸ்பான்டெக்ஸ் என்பதும் இதுவே. 1958-ம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷைவர்ஸ் என்ற இரசாயனியின் ஆய்வினால் உருவான இவ்விழை, ‘லைக்ரா’ என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்பட்டது. இதன் எடையில் குறைந்தது 85 சதவீதம் பாலியூரித்தேன் வகைப் பல்லுறுப்பியாகும். அதன் நீண்ட மூலக்கூறில் மென்மையான பகுதிகளும் கடினமான பகுதிகளும் மாறி மாறி அமைந்துள்ளன. மென்பகுதிகள் சுருண்டு கிடந்து, இழுத்தால் விரிகின்றன. கடினப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மூலக்கூறுகள் வழுக்கி ஓடாதபடி முடிச்சுகள் போல நிற்கின்றன. இழுவிசை நீங்கியதும் மென்பகுதிகள் மீண்டும் சுருண்டுகொள்ளுகின்றன. சாதாரணப் பருத்திப் பின்னலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் எலாஸ்டேன் சேர்த்தாலே போதிய மீட்சி கிடைத்துவிடுகிறது.

செயற்கை இழை எதுவுமின்றி, பருத்திக்கே ஓரளவு நீளுந்தன்மையை இரசாயன முறையால் அளிக்கவும் இயலும். ஆங்கிலேயரான ஜான் மெர்சர் 1844-ல் பருத்தித் துணியை அடர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தபோது அது பருத்துச் சுருங்குவதைக் கண்டார். 1850-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். துணியை இழுத்துப் பிடித்தவாறு இக்கரைசலில் நனைத்தால் பட்டுப் போன்ற பளபளப்பு வரும். இழுக்காமல் தளர விட்டு நனைத்தால் துணி சுருங்கி, நூல்கள் நெளிந்து, பின்னர் இழுக்கும்போது நீளும். இத்தளர் முறையைக் கொண்டு, 1940-களில் அமெரிக்க விவசாயத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில், மூட்டுகளின் வளைவுக்கேற்ப நீண்டு பொருந்தும் பருத்திக் கட்டுத்துணி உருவாக்கப்பட்டது. எலாஸ்டேனின் மீள்சக்தி இதற்கு இல்லையாயினும், இறுதிப் பக்குவமே நீட்சியைத் தரவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வியர்வையும் நுண்ணுயிர்களும்

வியர்வைக்கு இயல்பில் நாற்றமில்லை என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கும் உண்மை. உடல் முழுவதும் பரவியுள்ள சுரப்பிகளின் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமாகும். அக்குள் முதலிய இடங்களில் உள்ள வேறுவகைச் சுரப்பிகளோ புரதமும் கொழுப்பும் கலந்த திரவத்தைச் சுரக்கின்றன. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் இவற்றைச் சிதைத்து, எளிதில் ஆவியாகும் அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. நாற்றம் என்பது இவையே.

வியர்வை வீணன்று. ஒரு கிராம் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுசெல்லுகிறது. ஆகையால் வியர்வையை ஆவியாக விடும் துணியே குளிர்ச்சியான துணி. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8.5 சதவீதம் ஈரத்தைச் சாதாரண நிலையிலேயே தன்னுள் ஏற்றுக்கொள்ளும்; பாலியெஸ்டர் ஏற்பது சுமார் 0.4 சதவீதமே. பாலியெஸ்டரில் ஈரம் இழைகளின் இடைவெளியில் மட்டுமே பரவும்; ஆனால் எண்ணெய்ப் பசையை அது விடாது பற்றிக்கொள்ளும். பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், உடற்பயிற்சிக்குப் பின் எடுத்துவைத்த சட்டைகளில் பருத்தியைவிடப் பாலியெஸ்டரே கடும் நாற்றமுடையதாக இருந்தது. மைக்ரோகாக்கஸ் என்ற வகைப் பாக்டீரியா அத்துணியில் நன்கு பெருகியிருந்தது. இழையைத் தெரிந்தெடுப்பதே முதல் தடுப்பு என்பது இதனால் விளங்கும்.

தடுக்கும் பொருள்கள் இருவகை

துணியில் ஏற்றப்படும் நுண்ணுயிர்த் தடுப்புப் பொருள்களை, அவை வேலை செய்யும் விதத்தைக் கொண்டு இருவகையாகப் பிரிக்கலாம். துணியிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, ஈரத்தில் கலந்து நுண்ணுயிரைத் தாக்குவது ஒருவகை. இழையோடு நிலையாகப் பிணைந்து நின்று, தன்னைத் தொடும் நுண்ணுயிரை மட்டும் தாக்குவது மற்றொரு வகை. முதல்வகை விரைந்து செயற்படும். ஆனால் சேமிப்பு தீர்ந்ததும் பயன் தீரும். இரண்டாம் வகை நீடிக்கும். ஆனால் அழுக்கு படிந்து அதன் முகத்தை மூடிவிட்டால் செயலற்றுப் போகும்.

வெள்ளி முதல்வகையைச் சேர்ந்தது. ஈரத்தில் அதிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றி, அவற்றின் வேலையை நிறுத்துகின்றன. மிகச் சிறிய அளவே போதும் என்பது இதன் சிறப்பு. ஆனால் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளி ஏற்றப்பட்ட காலுறைகளை நீரில் அலசியபோது சில வகைகளிலிருந்து கணிசமான வெள்ளி நீரிற் கலந்தது தெரியவந்தது. டிரைக்ளோசான் என்ற பொருளும் இவ்வகையினதே. அது நீர்நிலைகளில் தங்கிவிடுவதும் வேறு சேர்மங்களாக மாறுவதும் கவலைக்குரியவையாயின. 2016-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கைகழுவும் சோப்புகளில் அதைச் சேர்ப்பதைத் தடைசெய்தது.

நான்கிணைய அம்மோனியம் சேர்மங்கள் நேர்மின்னேற்றம் உடையவை. ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் டோமாக் 1935-ல் இவற்றின் கிருமிநாசினி ஆற்றலை எடுத்துரைத்தார். பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்னேற்றம் உடையதாதலின் இவை அதனோடு ஒட்டிக்கொள்ளுகின்றன. இவற்றின் நீண்ட கார்பன் சங்கிலி உறையினுள் ஊடுருவி அதைச் சிதைக்கிறது. இத்தகைய மூலக்கூறின் ஒரு முனையில் சிலிக்கான் தொகுதியை இணைத்துவிட்டால், அம்முனை இழையின் மேற்பரப்போடு பிணைந்து, பொருள் கசியாமல் நிற்கும். ஆனால் இதில் ஒரு குறையுண்டு. சாதாரணச் சோப்பு எதிர்மின்னேற்றம் உடையது. நன்கு அலசாத துணியில் எஞ்சும் சோப்பு இச்சேர்மத்தோடு கூடி, அதன் வன்மையை மழுக்கிவிடும்.

கைட்டோசான் இந்தியாவிலேயே கிடைக்கும் மூலப்பொருளிலிருந்து வருவது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளை அடர்ந்த காரத்தில் பக்குவம் செய்தால் கைட்டோசான் கிடைக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இம்முறையை வளர்த்துப் பரப்பியது. கைட்டோசான் பருத்தியின் செல்லுலோசைப் போன்ற சங்கிலி அமைப்புடையது. ஆனால் அதில் அமினோத் தொகுதிகள் உள்ளன. சற்று அமிலத்தன்மையுள்ள சூழலில் அவை நேர்மின்னேற்றம் பெற்றுப் பாக்டீரியாவைத் தாக்குகின்றன. மனிதத் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது என்பது இதற்கு அனுகூலம்.

பிளீச்சிங் கரைசலில் நனைத்தால் மீண்டும் மீண்டும் ஆற்றல் பெறும் என்-ஹாலமின் என்ற வகையும் உண்டு. பருத்திக்கு அது ஏற்கத்தக்கதே. ஆனால் எலாஸ்டேனைக் குளோரின் சிதைக்கும். நுண்ணுயிர்த் தடுப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு நனைப்பும் நீளுந்தன்மையைக் குறைக்குமாயின், நீளும் துணிக்கு அம்முறை பொருந்தாது. தனியே பார்த்தால் சிறந்ததாகத் தோன்றும் பக்குவம், துணியோடு சேர்த்துப் பார்க்கும்போது தள்ளப்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செய்முறை: நனைத்தல், உலர்த்தல், பதப்படுத்தல்

பருத்தியும் எலாஸ்டேனும் கலந்த பின்னல் துணியில் கைட்டோசானை நிலைநிறுத்துவதை மாதிரியாகக் கொண்டு செய்முறையை விளக்கலாம்.

கைட்டோசான் நீரில் நேரடியாகக் கரையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்திற் கரையும். இழையோடு பிணைப்பதற்குச் சிட்ரிக் அமிலமும், வினையூக்கியாகச் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டும் சேர்க்கப்படுகின்றன. எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலத்தின் மூன்று அமிலத் தொகுதிகளும் இங்குப் பாலமாகப் பயன்படுகின்றன. ஒரு பக்கம் செல்லுலோசையும் மறுபக்கம் கைட்டோசானையும் பற்றி அவை இரண்டையும் இணைக்கின்றன. இம்முறையில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படுவதில்லை. கசங்காத் துணிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சில ரெசின்களிலிருந்து அது வெளிப்படக் கூடுமாதலின், ஜப்பான் முதலிய நாடுகள் உள்ளாடைகளில் ஒரு கிலோகிராமுக்கு 75 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்துள்ளன.

துணியைக் கரைசலில் தோய்த்து, இரண்டு உருளைகளுக்கிடையே பிழிகின்றனர். பிழிந்தபின் தங்கும் கரைசலின் அளவைக் கொண்டே மருந்தின் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. கணக்கு எளிது. 100 கிலோகிராம் துணியில் பிழிந்தபின் 80 கிலோகிராம் கரைசல் தங்குவதாகக் கொள்வோம். துணியின் எடையில் 0.5 சதவீதம், அதாவது 500 கிராம் கைட்டோசான் ஏற வேண்டுமானால், அந்த 500 கிராமும் ஏறத்தாழ 80 லிட்டர் கரைசலில் அடங்கியிருத்தல் வேண்டும். ஆகவே லிட்டருக்கு 6.25 கிராம் தேவை. உருளையின் அழுத்தம் தளர்ந்து, தங்கும் கரைசல் 100 கிலோகிராமாக உயர்ந்தால், அதே கரைசலில் 625 கிராம் ஏறிவிடும், துணி விறைக்கும். மருந்தை மாற்றாமலே துணி மாறிவிடுவதற்கு இத்தகைய சிறு கவனக்குறைவு போதும்.

பிழிந்த துணி சுமார் 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உலர்த்தப்படுகிறது. பின்னர் 160 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள உஷ்ணத்தில் சில நிமிடங்கள் பதப்படுத்தப்படும்போது பிணைப்பு உண்டாகிறது. நீளும் துணிக்கு அபாயமான கட்டம் இதுவே. எலாஸ்டேன் கலந்த துணியின் அகலத்தையும் அளவையும் நிலைப்படுத்த, 180 முதல் 195 டிகிரி உஷ்ணத்தில் ஒரு நிமிடத்திற்குக் குறைந்த நேரம் சூடேற்றும் வழக்கம் உண்டு. அதனால் இழை ஓரளவு சக்தியை இழக்கிறது. அதன்மேல் மீண்டும் நீண்ட நேரம் சூடுபட்டால் மீள்சக்தி மேலும் குன்றும். பருத்தியும் தப்புவதில்லை: அமிலமும் உஷ்ணமும் சேர்ந்து செல்லுலோசின் சங்கிலியை அறுக்கின்றன, குறுக்குப் பிணைப்புகள் இழையை நெகிழாதபடி பிடித்துவிடுகின்றன. சிட்ரிக் அமிலம் அதிக உஷ்ணத்தில் வெள்ளைத் துணியை மஞ்சளாக்குவதும் உண்டு.

எனவே அனுபவமுள்ள பக்குவ நிபுணர் உஷ்ணத்தையும் நேரத்தையும் உச்சத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. பிணைப்பு போதிய அளவு உண்டாகும் கீழெல்லையைப் பரிசோதனையால் கண்டு அங்கேயே நிறுத்துகிறார். துணியை இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக ஓட்டுகிறார். முடிவில் நன்கு அலசி, பிணையாத மருந்தையும் அமிலத்தையும் நீக்குகிறார். அலசாமல் விட்டால் முதற் சோதனையில் துணி அபாரமாகத் தேறும். ஐந்தாவது சலவையில் வெறுந்துணியாகிவிடும்.

மென்மையாக்கும் பொருளின் இருமுகம்

விறைப்பை நீக்குவதற்குச் சிலிக்கோன் வகை மென்மையாக்கிகள் சேர்க்கப்படுகின்றன. இவை நூல்கள் ஒன்றன்மீதொன்று எளிதில் நழுவ உதவுவதால் துணியின் மீட்சியும் மேம்படும்; தைக்கும்போது ஊசியால் வளையங்கள் அறுபடுவதும் குறையும். ஆனால் சாதாரண அமினோ சிலிக்கோன் நீரை விலக்கும் இயல்புடையது. கடையில் கையால் தடவிப் பார்ப்பவருக்குப் பட்டுப்போல இருக்கும் பனியன், வெயிலில் உழைப்பவரின் முதுகில் வியர்வையை உறிஞ்ச மறுக்கும். நீண்ட கார்பன் சங்கிலியுள்ள நான்கிணைய அம்மோனியம் சேர்மமும் அளவு மிஞ்சினால் இவ்வாறே செய்யும். இவ்விரண்டும் ஒரே துணியில் கூடினால் தொல்லை இரட்டிக்கும். நீரை ஏற்கும் வகையில் அமைக்கப்பட்ட சிலிக்கோன்களைத் தேர்ந்தெடுப்பதே இதற்குரிய பரிகாரமாகும்.

சோதனைச் சாலையின் எண்களைப் படிக்கும் முறை

ஊட்டப்பொருள் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைக் கோடுகளாக இட்டு, அவற்றின் குறுக்கே துணித்துண்டை வைத்து வளர்ப்பது ஒருமுறை. துணியைச் சுற்றி வளர்ச்சியற்ற வெற்றிடம் தோன்றினால் மருந்து கசிகிறது என்று பொருள். வெற்றிடம் தோன்றாவிட்டால் துணி பயனற்றது என்று முடிவுகட்டலாகாது. இழையோடு பிணைந்த மருந்து வெற்றிடம் உண்டாக்காது. அகன்ற வெற்றிடம் பெருமைக்குரியதுமன்று. விரைவில் தீரப்போகும் சேமிப்பின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எண்ணிக்கை முறையில், அளவிட்ட பாக்டீரியாவைத் துணியில் இட்டு 24 மணி நேரம் போன்ற ஒரு குறித்த நேரத்திற்குப் பின் உயிரோடிருப்பவற்றை எண்ணுகின்றனர். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது இச்சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் பாக்டீரியா. பக்குவம் செய்யாத துணியில் 10,00,000 பாக்டீரியாவும் பக்குவம் செய்ததில் 10,000-மும் இருந்தால் குறைவு 99 சதவீதம். பத்தின் அடுக்காகக் கூறினால் இது 2. சர்வதேசத் தரமுறை ஒன்றின்படி 2 முதல் 3-க்குள் இருப்பது குறிப்பிடத்தக்க செயல். 3-ம் அதற்கு மேலும் வன்மையான செயல்.

99 சதவீதம் என்ற சொல் மயக்குவது. எஞ்சிய 10,000 பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும், மருந்து தீர்ந்துவிட்டதாகவும் கொண்டால், ஏழு இரட்டிப்புகளில், அதாவது மூன்றரை மணி நேரத்தில், பழைய பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகையால் எத்தனை சதவீதம் என்பதைவிட, எத்தனை சலவைக்குப் பின் எத்தனை சதவீதம் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அகமதாபாத்திலுள்ள அட்டிரா, மும்பையிலுள்ள பிட்ரா, கோயம்புத்தூரிலுள்ள சிட்ரா, காஜியாபாத்திலுள்ள நிட்ரா ஆகிய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்கள் துணிச் சோதனைகளில் நீண்ட அனுபவம் உடையவை. உற்பத்தியாளர்கள் அவற்றை அணுகலாம்.

வகுப்பறையிலும் களத்திலும் செய்யத்தக்க சோதனைகள்

பாக்டீரியாவை வளர்க்கும் சோதனையைப் பள்ளியில் செய்தல் ஆகாது. எது வளருகிறது என்பதைக் கட்டுப்படுத்த இயலாது. ஆனால் துணி தன் இயல்புகளை இழந்ததா என்பதை எளிய கருவிகளைக் கொண்டே அறியலாம். ஒரே வகையான பக்குவம் செய்த துணியும் செய்யாத துணியும் தேவை.

நீர்த்துளிச் சோதனை: துணியை ஒரு வளையத்தில் சுருக்கமின்றி விரித்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளி நீரை விட வேண்டும். துளியின் மினுமினுப்பு மறையும் வரையுள்ள நேரத்தைக் குறிக்க வேண்டும். சில விநாடிகளில் மறைந்தால் துணி நீரை ஏற்கிறது. ஒரு நிமிடமாகியும் முத்துப்போல் நின்றால் அத்துணி வியர்வைக்கு உதவாது.

ஏறு நீர்ச் சோதனை: இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனியைச் சாயம் கலந்த நீரில் தொடச்செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அளக்க வேண்டும்.

மீட்சிச் சோதனை: துண்டில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் இட்டு, கீழ்முனையில் எடையைத் தொங்கவிட வேண்டும். இடைவெளி 28 சென்டிமீட்டரானால் நீட்சி 40 சதவீதம். அரை மணி கழித்து எடையை நீக்கி, மேலும் ஒரு மணி கழித்து அளக்க வேண்டும். இடைவெளி 20.4 ஆக இருந்தால் தங்கிவிட்ட வளர்ச்சி 2 சதவீதம், 21.6 ஆக இருந்தால் 8 சதவீதம். பின்னது முழங்காலிலும் முழங்கையிலும் பையாகத் தொங்கும் துணியாகும். இரு துணிகளுக்கும் ஒரே எடையை, ஒரே திசையில் வெட்டிய துண்டுகளிலேயே தொங்கவிட வேண்டும். பின்னல் துணி நெடுக்கில் ஒருவகையாகவும் குறுக்கில் வேறுவகையாகவும் நீளும்.

சலவைச் சோதனை: மேற்கண்ட மூன்று அளவுகளையும் முதலிலும், ஐந்து, பத்து, இருபது சலவைகளுக்குப் பின்னும் பட்டியலிட வேண்டும். ஒரு துண்டை மட்டும் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து அலசி, மற்றதோடு ஒப்பிட்டால், எலாஸ்டேன் கலந்த ஆடைகளுக்குக் குளோரின் பகையென்பது மாணவர்களுக்கு நேரில் விளங்கும். இக்கரைசலை ஆசிரியரே கையாளுதல் நலம்.

பக்குவம் செய்யாதவை

களப்பணியாளர்கள் மக்களுக்குத் தெளிவாகக் கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நுண்ணுயிர்த் தடுப்பு ஆடை மருந்தன்று. நாற்றத்தைக் குறைப்பதும் துணியைக் கேட்டிலிருந்து காப்பதுமே அதன் வேலை. அமெரிக்கச் சட்டத்தில், துணியைக் காக்கும் பொருட்டு மருந்தேற்றிய சரக்கு, உரிய பதிவின்றி அணிபவரை நோயிலிருந்து காப்பதாகக் கூறிக்கொள்ளலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய பண்பை எடுத்துக் கூறி விற்கும் சரக்கின் சீட்டில் ஏற்றப்பட்ட பொருளின் பெயரையும் குறிக்க வேண்டும். விற்பனைச் சீட்டைப் படிப்பவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இந்தியாவில் படர்தாமரை நோய் அண்மை ஆண்டுகளில் பரவலாகவும் பிடிவாதமாகவும் காணப்படுகிறது. அதை உண்டாக்கும் காளான் வகையொன்றுக்கு 2020-ல் டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்ற பெயர் சூட்டப்பட்டது. டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்துக்கு அது பல வேளைகளில் கட்டுப்படுவதில்லை. பாக்டீரியாவுக்காகச் செய்த பக்குவம் காளானையும் தடுக்கும் என்று கொள்வதற்கில்லை. மேலும் இறுக்கமான ஆடையினுள் ஈரமும் வெப்பமும் தேங்குவது அந்நோய்க்கு இடமளிக்கும். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை உள்ள ஒருவர் அதிக விலை கொடுத்து ‘கிருமித் தடுப்பு’ நீளாடை வாங்கி இறுக அணிந்தால் பணமும் போய் நோயும் வளரும். அவருக்கு வேண்டியவை தளர்ந்த பருத்தியாடை, தனியே துவைத்தல், வெயிலில் உலர்த்தல், துண்டு முதலியவற்றைப் பிறரோடு பகிராமை, மருத்துவரின் சிகிச்சை ஆகியனவே. எந்தப் பக்குவமும் துவைப்பதற்கு ஈடாகாது.

துணியிலிருந்து போவது எங்கே போகிறது?

துணியில் நில்லாத மருந்து நீரில் நிற்கும். இதை எண்ணிப் பார்க்கத் திருப்பூரின் அனுபவம் போதும். நாட்டின் பின்னலாடைத் தொழிலுக்குத் தலைமையான அவ்வூரின் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை உப்பும் சாயமும் கலந்த நீரைத் தேக்கும் இடமாயிற்று. அதன் கீழுள்ள உழவர்கள் நிலத்தை இழந்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதே அதன்பின் தொழில் நடத்துவதற்குரிய நிபந்தனையாயிற்று. அங்குப் பெருங்கேடு விளைத்தவை சாயமும் உப்புமே. நுண்ணுயிர்த் தடுப்பு மருந்தன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பல நிலையங்கள் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொண்டே இயங்குகின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் பொருளை அளவின்றி அங்கே அனுப்புவது, சுத்திகரிக்கும் கையையே முடக்குவதாகும். பட்டறையின் கழிவுக்கு ஒரு வாயில் உண்டு, காவல் போடலாம். வீட்டுச் சலவை நீருக்கோ ஆயிரமாயிரம் வாயில்கள். ஆகவே இழையோடு பிணைந்து நிற்கும் பக்குவத்தைத் தேர்ந்தெடுப்பது அணிபவருக்கு மட்டுமன்றி, ஆற்றுக்கும் அதன் கரையில் உழுபவருக்கும் செய்யும் கடமையாகும்.

முடிவுரை

நீளும் துணியின் பக்குவம் ஒரு தராசு போன்றது. மருந்தைக் கூட்டினால் கிருமி குறையும், மென்மையும் குறையும்; உஷ்ணத்தைக் கூட்டினால் பிணைப்பு உறுதிப்படும், மீட்சி தளரும்; மென்மையாக்கியைக் கூட்டினால் கை மகிழும், முதுகு வேகும். கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளை உற்பத்தியாளரிடமும் விற்பவரிடமும் கேட்கும் பழக்கம் வளருமாயின், தரமும் தானே வளரும்.

1. துணியில் ஏற்றப்பட்ட பொருள் யாது?
2. அது கசிவதா, பிணைந்து நிற்பதா?
3. எத்தனை சலவைக்குப் பின் சோதிக்கப்பட்டது?
4. பக்குவத்திற்குப் பின் துணி நீரை ஏற்கிறதா, நீண்டபின் திரும்புகிறதா?
5. எந்த நுண்ணுயிருக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது?

இவற்றுள் நான்காவது கேள்விக்கு விடை காண ஓர் அளவுகோலும், ஓர் எடைக்கல்லும், ஒரு துளி நீரும் போதும். ஆசிரியர் வகுப்பறையிலும், களப்பணியாளர் கிராமக் கூட்டத்திலும் அவ்விடையைக் கண்முன் காட்டலாம்.